கடையில் பளபளத்த டிவி வீட்டுக்கு வந்ததும் ஏன் மாறிவிடுகிறது?

புது டிவி வாங்கியவர்களிடம் எப்படி இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். 43 இன்ச்சில் ஒரு மாடல் வாங்கியவர் "படம் அருமை, இந்த விலைக்கு இதைவிட நல்லது கிடையாது" என்பார். அதே கம்பெனி, அதே மாடல், அதே மாதத்தில் வாங்கிய இன்னொருவர் "வெளுத்துப் போய்த் தெரிகிறது, காசு தண்டம்" என்பார். இரண்டையும் படிக்கிற நமக்கு யாரோ ஒருவர் பொய் சொல்கிறார் என்று தோன்றும். எனக்கு அப்படித் தோன்றுவதில்லை. ஒருவர் திரைக்கு நேராக உட்கார்ந்து பார்த்திருப்பார், மற்றவர் சோபாவின் ஓரத்திலிருந்து பார்த்திருப்பார், இரண்டு பேரும் கண்ணால் கண்டதைத்தான் சொல்கிறார்கள். காரணம் தெரியாததால்தான் "டூப்ளிகேட் பேனல் போட்டுவிட்டான்", அதாவது போலித் திரையை மாட்டிவிட்டான் என்று பேச்சு போய்விடுகிறது.

எங்கள் வீட்டிலேயே இது நடந்தது. டிவிக்கு நேராக நான், சுவரோரக் கட்டிலில் அம்மா. சீரியலில் ஒருத்தி கட்டியிருந்த புடவையை அம்மா ரோஸ் என்றார், எனக்கு நல்ல சிவப்பு. எழுந்துபோய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். ரோஸ்தான்!

இது ஏன் என்று புரிய, திரைக்குள் கொஞ்சம் போக வேண்டும். பெட்டியில் எல்இடி டிவி என்று போட்டிருந்தாலும், நம் வீடுகளில் இருப்பவை பெரும்பாலும் எல்சிடி டிவிகள்தான். எல்இடி என்பது பின்னாலிருந்து வெள்ளை வெளிச்சம் கொடுக்கும் விளக்கு, அவ்வளவுதான். படத்தை உண்டாக்குவது அதற்கு முன்னால் இருக்கும் திரவப் படிகம். 1888இல் பிராக் நகரில் பிரீட்ரிக் ரைனிட்சர் என்ற தாவரவியலாளர், காரட்டில் இருந்து எடுத்த ஒரு பொருளைச் சூடாக்கியபோது அது இரண்டு தடவை உருகுவதைப் பார்த்தார். சுமார் 145 டிகிரி செல்சியசில் கலங்கலான திரவமானது, இன்னும் சூடாக்கினால் 179 டிகிரிக்குப் பக்கத்தில்தான் தெளிந்தது. நடுவில் இருந்த அந்தக் கலங்கல் நிலைதான் திரவப் படிகம். தண்ணீர் மாதிரி ஓடும், ஆனால் அதன் மூலக்கூறுகள் படிகத்தில் இருப்பதுபோல ஒரே பக்கம் பார்த்து அணிவகுத்து நிற்கும். மின்சாரம் கொடுத்தால் அந்த அணி அப்படியே திரும்பும்.

ஒரு கயிற்றின் முனையைப் பிடித்து உதறினால் அலை போகும் இல்லையா, வெளிச்சமும் அப்படி அதிர்ந்துகொண்டுதான் வருகிறது, ஆனால் எல்லாப் பக்கமும் கலந்து அதிரும். நேர்க்கம்பி போட்ட ஜன்னலுக்குள் கயிற்றை விட்டு உதறினால் மேலும் கீழுமாகப் போகும் அலை மட்டும்தான் தாண்டும். டிவியில் அந்த ஜன்னல் வேலையைச் செய்வது போலரைசர் என்ற மெல்லிய தாள். அதற்கு முன்னால் இன்னொரு தாள், ஆனால் அதில் கம்பிகள் படுக்கையாக இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் ஜன்னலைத் தாண்டிய அலை இரண்டாவதில் முட்டி நின்றுவிடும், திரை கருப்பு. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் திரவப் படிகம் மின்சாரம் பட்டுத் திரும்பும்போது அலையையும் கூடவே திருப்பிவிடுகிறது, அப்போது வெளிச்சம் வெளியே வருகிறது. எவ்வளவு திருப்புகிறதோ அவ்வளவு வெளிச்சம். ஃபுல் ஹெச்டி திரையில் 20,73,600 புள்ளிகள், ஒவ்வொன்றிலும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று ஜன்னல்கள், ஆக மொத்தம் 62 லட்சம் குட்டி ஜன்னல்கள் ஒவ்வொரு காட்சிக்கும் திறந்து மூடுகின்றன. நினைத்தாலே எனக்கு மலைப்பாக இருக்கிறது. போலரைஸ்டு கூலிங் கிளாஸ் வைத்திருந்தால் அதைப் போட்டுக்கொண்டு டிவி முன்னால் தலையைச் சாய்த்துப் பாருங்கள், ஒரு கோணத்தில் திரை இருண்டுபோகும்.

சரி, புடவைக்கு வருவோம். மூலக்கூறுகளைத் திருப்புவதில் டிவிகளில் முக்கியமாக இரண்டு முறைகள் உண்டு. விஏ பேனலில் அவை கண்ணாடிக்குச் செங்குத்தாக நின்று, மின்சாரம் வந்ததும் சாயும். சாய்ந்த குச்சியை நேரே நின்று பார்ப்பதும் பக்கத்திலிருந்து பார்ப்பதும் ஒன்றில்லையே, அதனால் ஓரத்தில் இருப்பவருக்குச் சிவப்பு வெளுத்து ரோஸாகிறது. ஐபிஎஸ் பேனலில் அவை கண்ணாடியோடு படுத்தபடியே சுழல்கின்றன, ஆகவே எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் நிறம் அதிகம் மாறாது. அப்படியானால் ஐபிஎஸ்தானே நல்லது என்று கேட்கலாம். அங்கேயும் ஒரு விலை இருக்கிறது. எந்த எல்சிடி ஜன்னலும் முழுக்க மூடுவதில்லை, கொஞ்சம் வெளிச்சம் ஒழுகும். ஐபிஎஸ்ஸில் வெள்ளைக்கும் கருப்புக்கும் உள்ள வித்தியாசம் சுமார் 1000 மடங்கு, விஏவில் 3000 மடங்கோ அதற்கு மேலோ. ராத்திரி விளக்கை அணைத்துவிட்டுப் பேய்ப் படம் பார்த்தால் ஐபிஎஸ்ஸின் கருப்பு சாம்பலாகத் தெரியும். நாலு பேர் நாலு மூலையில் உட்கார்ந்து பகலில் பார்க்கும் ஹாலுக்கு ஐபிஎஸ், நேராக ஒருவரோ இருவரோ இருட்டில் பார்க்கும் அறைக்கு விஏ என்பது என் கருத்து. ஓஎல்இடியில் இந்தப் பிரச்சினையே கிடையாது, அதில் ஒவ்வொரு புள்ளியும் தானே எரிந்து தானே அணையும், கருப்பு என்றால் உண்மையிலேயே கருப்பு, ஆனால் விலை நம்மில் பலருக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது.

"கேபிள் போட்டால் பழைய டிவியைவிட மோசமாகத் தெரிகிறது" என்பது அடுத்த புகார். இதுவும் நிஜம். சாதாரண எஸ்டி சேனலில் வரும் படம் 720க்கு 576, அதாவது 4,14,720 புள்ளிகள். 4கே திரையில் 82,94,400. வகுத்துப் பாருங்கள், சரியாக 20 மடங்கு. செட்டாப் பாக்சில் இருந்து வருவது ஒரு புள்ளி, மீதி 19ஐ டிவி ஊகித்து நிரப்புகிறது. முகங்கள் மெழுகு பூசியதுபோல் ஆவது அதனால்தான், டிவியில் எந்தக் கோளாறும் இல்லை. வீட்டில் எஸ்டி கேபிள் மட்டும்தான் ஓடப்போகிறது என்றால் 4கேவுக்காகக் கூடுதல் பணம் கொடுக்கவே வேண்டாம். 4கே படம் பார்க்க நல்ல இணைய இணைப்பு இருந்தாலும் தூரத்தை யோசியுங்கள். 43 இன்ச் ஃபுல் ஹெச்டி திரையின் ஒரு புள்ளி அரை மில்லிமீட்டர் அகலம், சாதாரணக் கண் அதைத் தனியாகப் பிரித்துப் பார்க்க ஐந்தரை அடிக்குள் இருக்க வேண்டும். அதைத் தாண்டினால் 4கேவின் கூடுதல் புள்ளிகளால் பயனில்லை. கடையில் இரண்டு அடியில் நின்று வியந்த 4கே கூர்மை, வீட்டில் எட்டு அடி தள்ளி உட்கார்ந்தால் கண்ணுக்கு எட்டாது.

"படம் சீரியல் மாதிரி வழவழவென்று ஓடுகிறது" என்றால், சினிமா நொடிக்கு 24 பிரேம், டிவி நடுவில் தானாகச் சில பிரேம்களைச் செய்து சொருகுகிறது. மெனுவில் மோஷன் என்று தொடங்கும் ஏதோ ஒரு பெயரில் இருக்கும், அணைத்துவிடுங்கள். 2018 டிசம்பரில் நடிகர் டாம் குரூஸும் இயக்குநர் கிறிஸ்டோபர் மெக்குவாரியும் இதைச் சொல்வதற்காகவே ஒரு வீடியோ வெளியிட்டார்கள். வசனம் கேட்கவில்லை, பாட்டு மட்டும் காதைக் கிழிக்கிறது என்பதற்கும் காரணம் உண்டு. ஒல்லியான உடம்பில் ஸ்பீக்கர் கீழே பார்த்து இருக்கிறது, சொற்களைத் தெளிவாக்கும் ச, த, ப போன்ற மெய்களின் மெல்லிய ஒலி தரையில் பட்டுச் சிதறிவிடுகிறது. சின்ன சவுண்ட்பார் போதும்.

கடைசியாக, பளபளப்பு. கடைகளில் டிவியைப் பெரும்பாலும் கடைக்கான மோடில் வைத்திருப்பார்கள், பேக்லைட் எனும் அந்தப் பின்விளக்கு உச்சத்தில், நிறம் தூக்கலாக. நூறு விளக்கு எரியும் கூடத்தில் அது தேவை. வீட்டிலும் அந்தப் பளபளப்பு வேண்டும் என்று பேக்லைட்டை 100இல் வைத்துவிடுகிறோம், பிறகு சில வருடம் கழித்து "சத்தம் வருகிறது, படம் வரவில்லை" என்ற புகார் வருகிறது. பின்னால் இருக்கும் எல்இடிகள் பட்டை பட்டையாக, தொடர் இணைப்பில், சீரியல் செட் விளக்கு மாதிரிக் கோக்கப்பட்டிருக்கும். சூட்டில் ஒன்று செத்தால் பட்டையே அணைந்துவிடும், பல டிவிகளில் மொத்த பேக்லைட்டும் நின்றுவிடும். அப்போது இருட்டில் டார்ச்சைத் திரையில் சாய்வாக அடித்துப் பாருங்கள், உள்ளே படம் மங்கலாக ஓடிக்கொண்டிருக்கும். ஜன்னல்கள் எல்லாம் நன்றாகத்தான் இருக்கின்றன, விளக்குதான் போய்விட்டது. பேனலே போச்சு, புதுசு வாங்குங்கள் என்று யாராவது சொன்னால் உடனே ஒத்துக்கொள்ளாமல், எல்இடி பட்டையை மட்டும் மாற்ற முடியுமா என்று கேளுங்கள், அதற்கு ஆகும் செலவு பேனலைவிட மிகவும் குறைவு.

எங்கள் டிவியில் பேக்லைட்டை 100இல் இருந்து 55க்கு இறக்கியிருக்கிறேன். முதல் இரண்டு நாள் அம்மா மங்கலாக இருக்கிறது என்றார். மூன்றாம் நாள் கண் பழகிவிட்டது, அவர் எதுவும் சொல்லவில்லை. கட்டிலையும் கொஞ்சம் நகர்த்திப் போட்டாயிற்று, புடவை இப்போது அவருக்கும் சிவப்பு.