பால் வடிக்கும் தவளை

தென்னாப்பிரிக்காவில், டர்பனுக்கு அருகே சாட்ஸ்வொர்த்தில், எங்கள் ஆயா வீட்டுக் கொல்லையில் ஒரு பழைய சிமெண்டுத் தொட்டி உண்டு. ஒரு மழைக்காலத்தில் அதில் பிளாட்டானா என்ற தவளை ஒன்று குடியேறியது. நாக்கு கிடையாது, பின்னங்கால் விரல்கள் மூன்றில் கறுப்பு நகம். பிடித்தால் வழுக்கிக்கொண்டு ஓடும். நான் இறுக்கிப் பிடித்ததில் அதன் முதுகிலிருந்து பாலைப்போல வெள்ளைக் கோழை கசிந்தது. "போய்க் கையைக் கழுவு" என்று ஆயா அதட்டினார்.

அதட்டியது சரிதான். ஆனால் அந்தக் கோழைக்குள் இருந்தது ஒரு மருந்துக்கடை. 1987இல் மைக்கேல் ஸாஸ்லோஃப் என்ற அமெரிக்க விஞ்ஞானி ஒரு புதிரைக் கவனித்தார். வேறு ஆய்வுக்காக வயிற்றைக் கீறித் தைத்த இதே இனத் தவளைகளைக் கிருமி மண்டிய தண்ணீரில்தான் விட்டிருந்தார். புண்ணோ சீழ் வைக்கவில்லை. அவற்றின் தோலில் தேடியபோது தலா 23 அமினோ அமிலங்கள் கொண்ட இரண்டு குட்டிப் புரதங்கள் கிடைத்தன. எபிரேய மொழியில் கேடயத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து 'மகைனின்' என்று பெயர் வைத்தார்.

மகைனினுக்கு நேர் மின்னேற்றம். பாக்டீரியாவின் மேலுறைக்கு எதிர் மின்னேற்றம். இது அதில் போய் ஒட்டி, சுருளாக மடங்கி, உறையைப் பொத்தலாக்கிவிடும். உள்ளிருப்பதெல்லாம் ஒழுகி பாக்டீரியா சாகும். விலங்கு செல்களின் வெளிப்புறத்தில் அத்தகைய மின்னேற்றம் குறைவு, கொலஸ்ட்ராலும் உண்டு. அதனால் அவை பெரும்பாலும் தப்பிவிடுகின்றன.

எனக்கு இதைவிட வியப்பு தலைப்பிரட்டைதான். செல்கள் தங்களுக்குள்ளே இருக்கும் புரதத் துண்டுகளை வெளியே ஏந்திக்காட்ட 'எம்.எச்.சி.' என்ற மூலக்கூறுகள் உண்டு. அவற்றைப் பார்த்துத்தான் உடலின் காவல்படையான டி செல்கள் வீட்டார் யார், திருடன் யார் என்று தீர்மானிக்கின்றன. இந்தத் தவளையின் தலைப்பிரட்டையிலோ அவற்றில் முதல் வகை ஏறக்குறைய இல்லை; உருமாறும்போதுதான் வருகிறது. அதே வேளையில் உடலெங்கும் புதுப்புதுப் புரதங்கள் முளைக்கின்றன. பழைய டி செல்களுக்கு அவையெல்லாம் அந்நியம், தாக்கிவிட்டால் தவளை தன்னையே தின்ற கதைதான். ஆகவே ஹார்மோன்கள் ஏறி, டி செல்கள் வளரும் தைமஸ் சுரப்பியில் உள்ள செல்களில் பெரும்பகுதியை அழித்துவிடுகின்றன. பிறகு புதிய படை வந்து புதிய உடம்பையே சொந்தமென்று பழகுகிறது.

இடைப்பட்ட நாட்களில் காவல் தளர்ந்திருக்கும். தோலைப் பிடித்து, உப்புச் சமநிலையைக் குலைத்து, இதயத்தை நிறுத்தும் கைட்ரிட் பூஞ்சை பல இனங்களில் உருமாறி முடித்த குஞ்சுகளைத்தான் கொத்தாகச் சாய்க்கிறது. 1938இல் பிடித்துப் பதப்படுத்திய பிளாட்டானா ஒன்றின் தோலிலேயே அந்தப் பூஞ்சை இருந்தது. பெண்களின் கர்ப்பப் பரிசோதனைக்காக இங்கிருந்து உலகெங்கும் கப்பலேறிய தவளைகள்தாம் அதைப் பரப்பின என்று வெகுகாலம் பழி இருந்தது. 2018இல் வந்த மரபணு ஆய்வு அதன் பிறப்பிடமாகக் கிழக்கு ஆசியாவைக் கைகாட்டியது. எப்படியிருந்தாலும், வளர்ந்த பிளாட்டானா அந்தப் பூஞ்சையைச் சுமந்துகொண்டே பெரும்பாலும் நோயின்றித் திரிகிறது. அதில் அந்த வெள்ளைக் கோழைக்கும் பங்குண்டு.