ஒரே சென்சார், இரண்டு கேமரா

கேனான் ஆர்6 மார்க் 2 அறிவிக்கப்பட்டது 2022 நவம்பரில். மூன்றே மாதத்தில், 2023 பிப்ரவரியில், ஆர்8 வந்தது. இரண்டிலும் 24.2 மெகாபிக்சல் ஃபுல் ஃபிரேம் சென்சார் (ஒளியைப் படமாக்கும் சில்லு), டிஜிக் எக்ஸ் பிராசசர், கண்ணைத் தேடிப் பிடிக்கும் ஆட்டோஃபோகஸ். ஒரே லென்ஸை மாற்றி மாற்றி மாட்டி ட்ரைபாடில் வைத்து எடுத்தால், எது எந்தக் கேமராவின் படம் என்று சொல்வது கஷ்டம். ஆனால் அமெரிக்காவில் அறிமுக விலை ஆர்6 மார்க் 2-க்கு 2,499 டாலர், ஆர்8-க்கு 1,499. அந்த ஆயிரம் டாலரில் பெரும்பகுதி சென்சாரைச் சுற்றி அசையும் பாகங்களுக்குப் போகிறது என்றே நினைக்கிறேன்.

முதலில் நடுக்கம். ஆர்6 மார்க் 2-இல் சென்சார் ஒரே இடத்தில் இறுக்கப்பட்டிருக்காது. காந்தங்களும் கம்பிச் சுருள்களும் தாங்கும் ஒரு தட்டில் இருக்கும். கை நடுங்கியதும் ஜைரோ என்ற அசைவு உணரி அதை அளக்கும், சுருள்களில் மின்னோட்டம் மாறும், தட்டு நகர்ந்து பிம்பம் விழும் இடத்துக்கே போய் நிற்கும். இதில் 8 ஸ்டாப் வரை லாபம் என்கிறது கேனான், அதுவும் லென்ஸைப் பொறுத்து. ஒரு ஸ்டாப் என்றால் ஷட்டர் திறந்திருக்கும் நேரம் இரண்டு மடங்கு. நான் 3 ஸ்டாப் என்றே கணக்குப் போடுவேன். 50 மி.மீ. லென்ஸில் 1/50 நொடிக்குக் கீழே போகத் தயங்குகிறவர் 1/6 வரை இறங்கலாம்.

ஆர்8-இல் இந்தத் தட்டு கிடையாது. லென்ஸுக்குள்ளேயே நடுக்கத்தைச் சரிசெய்யும் ஸ்டெபிலைசேஷன் இருந்தால் மேல்-கீழ், இட-வலச் சாய்வை அது சமாளித்துவிடும். பட்டனை அழுத்தும்போது கேமரா லேசாகச் சுழலுமே, அதற்கு லென்ஸால் எதுவும் செய்ய முடியாது. வட்டமான கண்ணாடியை அதன் அச்சில் சுற்றினால் பிம்பம் மாறாது. சென்சாரைத்தான் சுற்ற வேண்டும். ஒன்று மட்டும்: இதெல்லாம் கை நடுக்கத்துக்கான மருந்து. 1/6 நொடியில் மணப்பெண் தலையைத் திருப்பினால் எந்தக் கேமராவிலும் முகம் கலங்கித்தான் விழும்.

அடுத்தது, சென்சாரில் எவ்வளவு நேரம் ஒளி விழ வேண்டும் என்று தீர்மானிக்கும் ஷட்டர். யாரும் அதிகம் பேசாத வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது. ஆர்6 மார்க் 2-இல் வழக்கமான மெக்கானிக்கல் ஷட்டர் உண்டு: ஒரு திரை திறந்துகொண்டே போகும், இன்னொன்று பின்னாலேயே மூடிக்கொண்டு வரும். வேகம் கூடக்கூட இரண்டுக்கும் நடுவே ஒரு கீற்று மட்டுமே மிஞ்சும். ஆர்8-இல் திறக்கும் திரையே இல்லை. சென்சாரின் வரிகளை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டே போய் அந்த வேலையை மின்னணு முறையில் முடிக்கிறது. மூடும் திரை மட்டும் நிஜம்.

பெரும்பாலான படங்களில் இது தெரியவே தெரியாது. எஃப் 1.2 லென்ஸை முழுதாகத் திறந்து, உச்சி வெயிலில் 1/4000 நொடி வைத்து எடுக்கும்போதுதான் சிக்கல். மின்னணுத் திரை சென்சாரின் மேலேயே ஓடுகிறது, நிஜத் திரை அதற்குச் சற்று முன்னால் நிற்கிறது. அகலத் திறந்த லென்ஸிலிருந்து ஒளி நாலா பக்கமும் சாய்ந்து வரும். கீற்று மெல்லியதாக இருப்பதால் ஒரு பக்கத்துக் கதிர்கள் திரையில் இடித்து நின்றுவிடும். பின்னணி விளக்குகள் ஃபோகஸ் தப்பி உருண்டையாக விழ வேண்டிய பொக்கே வட்டங்களில் ஓர் ஓரம் கத்தியால் சீவியது போலக் காணாமல் போகும்.

சரி, முழு எலக்ட்ரானிக் ஷட்டருக்கு மாறினால்? திரையே இல்லாததால் வட்டம் தப்பிக்கும். ஆனால் இந்த சென்சாரை மேலிருந்து கீழ்வரை படித்து முடிக்க ஏறக்குறைய 1/60 நொடி ஆகும். ஜெராக்ஸ் எடுக்கும்போது விளக்கு நகர்கையில் தாளை இழுத்தால் எழுத்து கோணுவது போல, வீசுகிற மட்டை வளைந்து பதியும். விளம்பரங்களில் பெரிதாகச் சொல்லும் நொடிக்கு 40 படம் என்ற கணக்கு இந்த ஷட்டருக்கானது. இரண்டு கேமராவுக்கும் பொது. மண்டபத்தில் இன்னொரு தொல்லை. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் மலிவான எல்இடி விளக்குகள் நொடிக்கு 100 தடவை மங்கி ஒளிரும். 1/60 நொடிக்குள் ஒன்றரைத் தடவைக்கு மேல் மங்கிவிடும், அதனால் படத்தின் குறுக்கே கறுப்புப் பட்டைகள். ஆர்6 மார்க் 2 வைத்திருப்பவர் மெக்கானிக்கலுக்கு மாறிவிடுவார்: திரை பல மடங்கு வேகமாகக் கடப்பதால் பட்டை பெரும்பாலும் தெரியாது, வட்டமும் வெட்டுப்படாது. ஆர்8 வைத்திருப்பவர் வெயிலில் ஒளியைக் குறைக்கும் கறுப்புக் கண்ணாடியான ஒரு என்டி ஃபில்டரை மாட்டி ஷட்டர் வேகத்தைக் குறைத்துக்கொள்ளலாம்.

அப்புறம் எடை: ஆர்8 461 கிராம், மற்றது 670. பேட்டரி 1040 எம்ஏஹெச்சும் 2130-உம். கார்டு ஸ்லாட் ஒன்றும் இரண்டும்.

கல்யாணத்துக்குப் போகிறவர் அந்த இரண்டாவது ஸ்லாட்டுக்காகவே ஆர்6 மார்க் 2 வாங்கலாம். கார்டு போய்விட்டால் தாலியை இன்னொரு தடவை கட்டச் சொல்ல முடியாது. ஊர் சுற்றவும் வீட்டுப் பிள்ளைகளை எடுக்கவும் ஆர்8 போதும். ஆனால் லென்ஸைப் பார்த்து வாங்க வேண்டும்: ஆர்எஃப் 50 மி.மீ. எஃப் 1.8-இல் ஸ்டெபிலைசேஷன் இல்லை, ஆர்எஃப் 35 மி.மீ. எஃப் 1.8-இல் இருக்கிறது. கடையிலேயே அந்த 50-ஐ இரண்டு பாடியிலும் மாட்டி, 1/8 நொடியில் பத்துப் பத்துப் படம் எடுத்து, பெரிதாக்கிப் பாருங்கள். உங்கள் கைக்குத் தட்டு தேவையா என்பது அங்கேயே தெரிந்துவிடும்.