கோல்டு ஏர் இன்டேக்: குளிர்காற்றா, வெளிக்காற்றா?

கோல்டு ஏர் இன்டேக் என்பது, எஞ்சினுக்கு வேண்டிய காற்றைப் போனட்டுக்கு அடியில் சூடேறிக் கிடக்கும் இடத்திலிருந்து எடுக்காமல், காருக்கு வெளியிலிருந்து எடுத்து, உள்ளே போகும் காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் வரை கொண்டு சேர்க்கும் அமைப்பின் பெயர். காற்று வடிகட்டி, அதைச் சூழ்ந்த பெட்டி அல்லது வெப்பத் தடுப்புத் தகடு, அகன்ற குழாய், ரப்பர் இணைப்புகள், அவற்றை இறுக்கும் கிளாம்புகள் ஆகியவை சேர்ந்ததே அந்த அமைப்பு. நடுத்தர அளவுள்ள உடலில் பெரிய வி8 எஞ்சினை (எட்டு சிலிண்டர்கள் ‘V’ வடிவில் அமைந்தது) பொருத்திய அமெரிக்க மஸல் கார்களை வைத்திருப்பவர்கள், முதலில் மாற்ற நினைக்கும் உறுப்புகளில் இதுவும் ஒன்று. 2016இல் ஃபோர்டு மஸ்டாங் 5 லிட்டர் வி8 எஞ்சினுடன் இந்தியச் சந்தைக்கு வந்த பிறகு, இந்தச் சொல் நம் பட்டறைகளுக்கும் புதிதன்று. மெக்கானிக்குகள் சுருக்கமாக ‘இன்டேக்’ என்றே சொல்கிறார்கள்.

ஆங்கிலத்தில் இது மூன்று வேர்களிலிருந்து வந்த கூட்டு. ‘கோல்டு’ பழைய ஜெர்மானியச் சொல். ‘ஏர்’ கிரேக்கத்தில் தோன்றி, லத்தீன், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. ‘இன்டேக்’ என்பதில் உள்ள ‘டேக்’, வைகிங்குகளின் பழைய நோர்ஸ் மொழி தந்தது. வட இங்கிலாந்தில் புல்வெளியிலிருந்து வேலியிட்டுச் சேர்த்துக்கொண்ட நிலத்துக்கும் இன்டேக் என்றே பெயர். கால்வாய்க்குள்ளோ குழாய்க்குள்ளோ நீரை எடுக்கும் வாய்க்கும் அந்தப் பெயர் உண்டு. எஞ்சின் காற்றுக்கு அது பின்னரே வந்தது. நீரிலிருந்து காற்றுக்கு வந்த இந்த வழி, தமிழ்ச் சொல்லைத் தேடும்போது நமக்கு உதவும்.

முதலில், ‘கோல்டு’ என்ற அடைமொழி உண்டாக்கும் மயக்கத்தைத் தீர்க்க வேண்டும். இந்த அமைப்பு எதையும் குளிர வைப்பதில்லை. அதில் குளிரூட்டும் உறுப்பு எதுவும் இல்லை. சித்திரை, வைகாசியில் காரைக்குடியின் வெளிக்காற்று 40 பாகை செல்சியஸைத் தொடும் நாளில், குழாய்க்குள் நுழையும் காற்றும் 40 பாகையில்தான் இருக்கும். ஆனால் நெரிசலில் நின்று நின்று வந்த காரின் போனட்டுக்கு அடியில் காற்று 60 பாகையையும் தாண்டிவிடும். கோல்டு என்ற சொல் குறிப்பது இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை மட்டுமே.

அந்த வேறுபாடு எதற்காக முக்கியம் என்பதைக் கணக்கிட்டே பார்க்கலாம். நான்கு வீச்சு எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை தன் முழுக் கொள்ளளவை இழுக்கும். எனவே 5 லிட்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 6,000 சுற்றில் முழுமையாக நிரம்பி ஓடினால் ஒரு நிமிடத்தில் 15,000 லிட்டர் காற்றை உள்ளே எடுக்கும். பெட்ரோல் முழுதாக எரிய ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். எஞ்சின் எடுப்பது கன அளவில், எரிவதற்கு வேண்டியதோ எடையில் என்பதால், காற்று சூடேறி அடர்த்தி குறையக் குறைய ஒவ்வொரு வீச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன் குறைந்துகொண்டே போகிறது. 40 பாகைக் காற்றோடு ஒப்பிட்டால் 60 பாகைக் காற்றில் அடர்த்தி ஏறத்தாழ 6 விழுக்காடு குறைவு. இதோடு, சூடான காற்றில் நாக்கிங் என்னும் தட்டல் (கலவையின் ஒரு பகுதி தானாகவே வெடித்து எரிவது) எளிதில் வரும் என்பதால், எஞ்சினின் கணினி தீப்பொறியைத் தாமதப்படுத்தி மேலும் சிறிது ஆற்றலை விட்டுக்கொடுக்கும்.

அமெரிக்க நிறுவனங்களே தொடக்கத்தில் வைத்த பெயர்கள் வெப்பநிலையைப் பற்றிப் பேசவில்லை என்பது கவனிக்கத்தக்கது. போன்டியாக் ‘ராம் ஏர்’ என்றது: காரின் ஓட்டத்தால் முட்டித் தள்ளப்பட்டு வரும் காற்று என்பது பொருள். பிளிமத் ‘ஏர் கிராபர்’ என்றது: காற்றைப் பற்றிப் பிடிப்பது. 1970ஆம் ஆண்டின் செவ்ரோலெ செவெல்லில் ‘கௌல் இண்டக்‌ஷன்’ வந்தது. ஓடும் காரில் முன்கண்ணாடியின் அடிப்பகுதியில் காற்றழுத்தம் கூடும். கௌல் எனப்படும் அந்த இடத்தை நோக்கிப் போனட்டில் ஒரு வாயைத் திறந்து, அங்கிருந்து காற்றை எடுத்தார்கள். காற்று எங்கிருந்து வருகிறது, எப்படி வருகிறது என்பதைச் சொன்ன பெயர்கள் இவை. பிற்காலத்தில் கடைகளில் விற்ற மாற்றுத் தொகுப்புகளுக்கு ‘கோல்டு’ என்ற சொல்லே நிலைத்துவிட்டது.

சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ‘குளிர்காற்று உள்வாங்கி’ என்றோ ‘தண்வளி உள்ளிழுப்பி’ என்றோ அமையும். இரண்டிலும் எனக்கு நிறைவில்லை. குளிர்காற்று என்றதும் நம் வாசகருக்கு மார்கழி விடியலோ ஏசி எந்திரமோதான் நினைவுக்கு வரும்; குளிரூட்டியின் உறுப்பு என்று கருதவும் இடமுண்டு. உள்வாங்குதல் என்ற சொல்லைக் கடலுக்குச் சொன்னால் அது பின்னே போவதைக் குறிக்கிறது. உள்ளிழுப்பி என்பதோ செயலையே மாற்றிச் சொல்கிறது, ஏனெனில் இழுப்பது பிஸ்டன்; குழாய் வழிவிடுகிறது, அவ்வளவே.

பழந்தமிழில் ‘காலதர்’ என்ற அருமையான சொல் இருக்கிறது. கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. சிலப்பதிகாரத்தில் பூம்புகார் மாளிகைகளின் சாளரத்தை ‘மான்கட் காலதர்’ என்று இளங்கோ குறிக்கிறார். பொருளால் இதைவிடப் பொருத்தமான சொல் இல்லை. ஆனாலும் சாளரம் என்ற பொருளில் ஊன்றிவிட்ட சொல்லை எஞ்சினுக்குக் கொண்டுவந்தால், அறிந்தவருக்கு மயக்கமும் அறியாதவருக்கு அகராதியும் தேவைப்படும்.

செட்டிநாட்டில் நாள்தோறும் புழங்கும் ஒரு சொல்லே இதற்குப் போதும்: வரத்து. ‘வா’ என்ற வேரிலிருந்து பிறந்து, வந்து சேர்வதைக் குறிப்பது. ஊருணிக்கு மழைநீரைக் கொண்டுவரும் வாய்க்கால் வரத்துக்கால். சந்தைக்குக் காய்கறி வருவதும் வரத்து. ஊருணியை எவ்வளவு ஆழமாக வெட்டினாலும் வரத்துக்கால் தூர்ந்திருந்தால் நீர் நிற்காது; எஞ்சினுக்கும் காற்றுக்கும் உள்ள உறவு அதுவே. மற்றொரு நன்மையும் உண்டு. போக்குவரத்து என்ற சொல்லிலேயே வரத்தின் இணை இருக்கிறது: எரிந்த புகை வெளியேறுவது போக்கு, காற்று வருவது வரத்து. ஆகவே கோல்டு ஏர் இன்டேக்கை ‘வெளிக்காற்று வரத்து’ என்று சொல்வதே தகும் என்பது என் முடிவு. அதன் உறுப்புகளுக்கும் வரத்துக்குழாய், வரத்துப்பெட்டி என்று தடையின்றிப் பெயர் அமைகிறது.

இந்தப் பெயரை மனத்தில் வைத்துக்கொண்டால் தேர்வும் எளிதாகும், ஏனெனில் கேட்க வேண்டிய முதல் கேள்வி, வடிகட்டி எந்தக் காற்றைத் தொடுகிறது என்பதே. போனட்டுக்கு அடியில் திறந்தபடி நிற்கும் கூம்பு வடிகட்டி, எவ்வளவு பளபளப்பான குழாயோடு வந்தாலும், உள்ளே உள்ள சூட்டையே எடுக்கும். ஒலி கூடும், ஆற்றல் குறையக்கூடும். மூடிய வரத்துப்பெட்டியோ, போனட்டின் அடிப்பரப்போடு ரப்பர் விளிம்பால் ஒட்டி நிற்கும் தடுப்புத் தகடோ உள்ள தொகுப்பையே வாங்க வேண்டும். இன்றைய கார்களில் பெரும்பாலானவை ஆலையிலேயே முன்பக்கத்து வெளிக்காற்றை எடுக்கும்படி அமைந்தவை என்பதையும் வாங்குவோர் அறிந்திருப்பது நல்லது. அவற்றில் மாற்றுத் தொகுப்பு தரும் கூடுதல் ஆற்றல் சிறிதளவே. கேட்கும் ஒலிதான் பெரிது.

நம் பகுதிக்கென்று இரண்டு எச்சரிக்கைகள் வேண்டும். செம்மண் சாலைகளின் நுண்தூசி சிலிண்டர்ச் சுவரை அராவிவிடும் என்பதால், தூசியை நன்றாகத் தடுக்கும் உலர் வடிகட்டியையே நான் பரிந்துரைப்பேன். எண்ணெய் பூசும் பருத்தி வடிகட்டியில் எண்ணெய் மிகுந்துவிட்டால், அது காற்றின் அளவை அறியும் உணரியின் கம்பியில் படிந்து அளவைப் பிறழச் செய்யும். மற்றது ஐப்பசி, கார்த்திகை மழை. பம்பருக்குப் பின்னால் மிகத் தாழ்வாக வாய் வைத்த தொகுப்புகள் தேங்கிய நீரை உறிஞ்சிவிடும். நீர் அமுங்காது, பிஸ்டன் மேலேறும்போது இணைப்புத் தண்டு வளைந்து எஞ்சினே பாழாகும்.

பொருத்தும் வேலையை எஞ்சின் ஆறிய பிறகு, பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றிவிட்டுத் தொடங்க வேண்டும். பழைய பெட்டியை எடுக்குமுன் உணரியின் பிளக்கையும், எஞ்சினுக்குள் சேரும் ஆவியைக் கொண்டுவரும் சிறு குழாயையும் விடுவித்து, உணரியின் கம்பியை விரலால் தொடாமல், அதிலுள்ள அம்புக்குறி காற்று செல்லும் திசையைக் காட்டும்படி புதிய குழாயில் மாட்ட வேண்டும். உணரி அமரும் இடத்தில் குழாயின் விட்டம் பழையதிலிருந்து மாறுபட்டால் கணினி காற்றைத் தவறாகக் கணக்கிடும். அந்தத் தொகுப்புக்கு உரிய ட்யூனிங், அதாவது கணினியின் அமைப்புகளை அதற்கேற்ப மாற்றுவது, செய்யாமல் காரை ஓட்டக் கூடாது. உணரியைத் தாண்டி, த்ராட்டிலுக்கு முன் எங்கேனும் கசிவு இருந்தால் கணக்கில் வராத காற்று உள்ளே போய், கலவையில் பெட்ரோல் குறைந்துவிடும். வி8 எஞ்சின் முடுக்கும்போது தன் இருக்கையில் ஆடும் என்பதால், குழாய் எதிலும் உரசாதபடி இடைவெளி விடுவதும் கட்டாயம்.

1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றின் விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றிலிருந்து மாறுபடும்படி வாகனத்தை மாற்றுவதைத் தடுக்கிறது. எனவே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் வாங்குவதற்கு முன்பே எழுத்தில் கேட்டுக்கொள்வது முறை. பொருத்திய பின் சில நாள் ஓட்டத்தில் ரப்பர் சூடேறி ஆறி இளகும். அப்போது வரத்துக்குழாயின் கிளாம்புகள் ஒவ்வொன்றையும் மறுபடி இறுக்கி, எஞ்சினை ஓடவிட்டு, இணைப்புகளில் சீறல் ஒலி கேட்கிறதா என்றும் எச்சரிக்கை விளக்கு எரிகிறதா என்றும் பார்க்க வேண்டும்.