‘ரோம வணிகம்’ வேண்டாம், மயிர்த்தோல் வணிகம்

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் லாங்லி கோட்டையைப் பார்க்கப் போயிருந்தோம். நண்பர் கைப்பேசியில் ஒரு தமிழ்க் காணொளியை ஓடவிட்டார். “ரோம வணிகத்துக்காகக் கட்டிய கோட்டை” என்றது குரல். அவருடைய மகள் நிமிர்ந்து பார்த்து, “ரோமாபுரிக்காரங்க இங்கேயும் வந்தாங்களா மாமா?” என்றாள். பிள்ளை மேல் தப்பே இல்லை. தமிழில் ரோம வணிகம் என்றால் அரிக்கமேடு, முசிறி, மிளகு, பொற்காசு. ஆங்கிலத்தின் ‘ஃபர் டிரேட்’டை இப்படித் தமிழாக்குவதைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது.

ஆங்கில ‘ஃபர்’, உறையிடுவதையும் உடுப்புக்கு உள்துணி வைத்துத் தைப்பதையும் குறித்த பழைய பிரெஞ்சு வினையிலிருந்து வந்தது. குளிரங்கிக்குள் வைத்துத் தைத்த, மயிர் நீக்காத விலங்குத்தோலுக்கு அந்தப் பெயர் நின்றுவிட்டது. ‘ரோமம்’ வடசொல், பொருள் மயிர் மட்டும்தான்.

விற்றதோ தோலும் மயிருமாக. அங்கே பீவர் என்ற, ஆற்றில் அணை கட்டி வாழும் கொறிவிலங்கின் தோல் ஒன்றைத் தொட்டுப் பார்த்தேன். மேலே நீண்ட முரட்டு மயிர். அதை விரலால் விலக்கினால் அடியில் பஞ்சுபோல் அடர்ந்த குறுமயிர். ஐரோப்பாவில் தொப்பி செய்தவர்களுக்கு வேண்டியது அந்த அடிமயிர்தான். 1670இல் பட்டயம் பெற்ற ஆங்கிலேய வணிக நிறுவனமான ஹட்சன் பே கம்பெனி வளர்ந்ததே இந்தச் சரக்கால்தான். லாங்லிக்கு 1827இல் வந்தது.

சரி, ‘தோல் வணிகம்’ போதாதா என்பார்கள். போதாது. தோல் என்றதும் நமக்கு ஆம்பூரும் வாணியம்பாடியும் நினைவுக்கு வரும். அங்கே சுண்ணாம்பில் ஊறவைத்து மயிரை நீக்குவார்கள். இங்கே மயிர் போனால் சரக்கே போச்சு. ஆகவே மயிர்த்தோல்.

மொழிபெயர்ப்பாளர்கள் ‘மயிர்’ என்று எழுதக் கூசுகிறார்கள், அதுதான் நோய். தெருவில் அது வசையாகிவிட்டது என்பதற்காக நல்ல தமிழ்ச்சொல்லைக் கைவிடுவதா? ‘மயிர்நீப்பின் வாழாக் கவரிமா’ என்றார் வள்ளுவர். ‘மயிரிழையில் உயிர் தப்பினார்’ என்று செய்தித்தாளே எழுதுகிறது. அப்புறம் என்ன கூச்சம்?

பீவரை ‘நீர்நாய்’ ஆக்குவது இன்னொரு கொடுமை. சங்கப் பாட்டில் வாளைமீன் பிடிக்கும் நீர்நாய் வேறு. மரப்பட்டை தின்னும் பீவர் வேறு. சொல் கிடைக்காவிட்டால் பீவர் என்றே எழுதலாம்.

‘கோட்டை’ ஊர்ப்பெயரில் இருக்கட்டும். விளக்கும்போது பண்டகசாலை என்று சொல்ல வேண்டும். நம் ஊரில் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் சரக்கு வாங்கி அடுக்கிய இடத்துக்குத் தமிழில் ஏற்கெனவே வழங்கிய சொல் அது. கோட்டை என்று கேட்டு வந்த நண்பரின் மகள் அகழியைத் தேடினாள். இருந்தது மரக்கட்டைகளை நட்டு எழுப்பிய வேலி. 1840இல் தீப்பிடித்து எல்லாவற்றையும் மறுபடி கட்டினார்கள். அந்தக் காலத்துக் கட்டடங்களில் இன்று மிஞ்சி நிற்பது சரக்குக் கிடங்கு ஒன்றுதான்.