இருப்பை வகுத்து ஆண்டுக் கணக்கு சொல்லாதீர்கள்

மன்னார்குடியில் விவசாயிகள் கூட்டம் ஒன்றில் மறுபடியும் அதே கேள்வி வந்தது. "நம்ம மண்ணுக்கு அடியிலேயே கேஸ் இருக்குங்கிறாங்க, அப்புறம் யூரியாவுக்கு ஏன் சார் வரிசையில நிக்கணும்?" யூரியா எரிவாயுவிலிருந்துதான் தயாராகிறது, அதனால் வந்த கேள்வி. கேட்டவர் மீது எனக்குக் கோபமில்லை. அவர் காட்டிய வாட்ஸ்அப் செய்தி மீதுதான் கோபம். நாட்டின் எரிவாயு இருப்பை ஆண்டு நுகர்வால் வகுத்து, 'இத்தனை வருடத்துக்குக் கவலையே இல்லை' என்று அதில் போட்டிருந்தது. எரிவாயு வரத்தைக் கணிப்பது என் வேலை. இந்த வகுத்தல் கணக்கைத் திருத்திச் சொல்லி அலுத்துவிட்டது, ஆனாலும் சொல்லாமல் விட முடியவில்லை.

இருப்பு வேறு, வரத்து வேறு. மேட்டூரில் எத்தனை டிஎம்சி கிடக்கிறது என்று தெரிந்தால் மட்டும், தலைஞாயிறு கடைமடைக்கு நாளை தண்ணீர் வரும் என்று சொல்லிவிடுவீர்களா? எவ்வளவு திறந்தார்கள், கல்லணையில் எப்படிப் பிரித்தார்கள், வாய்க்கால் தூர்வாரியாயிற்றா என்றுதானே கேட்பீர்கள்? எரிவாயுக் கிணறு இதைவிடக் கடினம். எடுக்க எடுக்க அழுத்தம் இறங்கும், உற்பத்தி சரியும். கடைசி நாள் வரை ஒரே அளவு கொடுக்கிற கிணறு எங்கும் கிடையாது. வகுத்தல் கணக்கோ அப்படி ஒரு கிணறு இருப்பதாக நம்புகிறது. ஆந்திரக் கடலோரத்தில், கிருஷ்ணா-கோதாவரிப் படுகையின் டி6 எரிவாயு வயலில் 2009 இல் உற்பத்தி தொடங்கியது. நாளுக்கு 8 கோடி கன மீட்டர் வரும் என்றார்கள். 2010 இல் 6 கோடியைத் தொட்டது, பிறகு சில ஆண்டுகளிலேயே அதில் கால் பங்குக்கும் கீழே இறங்கிவிட்டது. அந்தக் கணிப்பை நம்பிக் கட்டிய மின் நிலையங்கள் எரிவாயு இல்லாமல் நின்றன.

வரத்து தடைபடாமல் இருக்குமா என்று சோதிக்க நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: எரிவாயு வரும் மிகப் பெரிய ஒரு வழி திடீரென அடைபட்டால், மீதி வழிகள் உச்சத் தேவை நாளைத் தாங்குமா? 2009 ஜனவரியில் ரஷ்யா-உக்ரைன் தகராறில் ஐரோப்பாவுக்கு எரிவாயு போகும் குழாய் மூடப்பட்ட பிறகு, ஐரோப்பிய ஒன்றியம் இந்தச் சோதனையை 2010 இல் சட்டமாகவே போட்டது. நமக்கு ஏறக்குறையப் பாதி எரிவாயு திரவமாகக் கப்பலில் வருகிறது. அதிகம் தருவது கத்தார், கப்பல் வரும் வழி பாரசீக வளைகுடாவின் குறுகிய வாயான ஹோர்முஸ் நீரிணை. கச்சா எண்ணெய்க்கு விசாகப்பட்டினம், மங்களூரு, பாதூரில் நிலத்தடிச் சேமிப்பு வைத்திருக்கிறோம். எரிவாயுவுக்கு அப்படி ஒன்றும் இல்லை, கப்பலில் வரும் திரவ எரிவாயுவை இறக்கும் துறைமுக முனையங்களின் தொட்டிகளில் இருப்பது சில நாள் சரக்கு. முனையம் மட்டும் கட்டினாலும் போதாது. கொச்சி முனையம் 2013 இல் தயாரானது, குழாய் முடியாததால் பல ஆண்டுகள் பெரும்பகுதி சும்மா கிடந்தது.

டெல்டாவுக்கு வருவோம். குத்தாலம், கோவில்களப்பால் மின் நிலையங்கள் பக்கத்துக் கிணறுகளை நம்பி எழுந்தவை. ஆனால் காவிரிப் படுகையில் நிலத்திலுள்ள கிணறுகள் தரும் எரிவாயு, நாட்டின் தேவையில் மிகச் சிறிய பங்கு. இங்கே தோண்டினால் நாடே தன்னிறைவு அடையும் என்பவர்களும், டெல்டாவில் புது எண்ணெய், எரிவாயுக் கிணறுகளைத் தடுத்த 2020 வேளாண் மண்டலச் சட்டத்தால்தான் தட்டுப்பாடு என்பவர்களும் இந்த அளவைப் பார்ப்பதே இல்லை. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த கிணறுகளை அந்தச் சட்டம் நிறுத்தவும் இல்லை. சமையல் சிலிண்டரில் வருவது வேறு வாயு (எல்பிஜி), தயவுசெய்து அதையும் இதில் சேர்த்துக் குழப்பாதீர்கள்.

சரி, என்ன செய்யலாம்? ஒற்றை எண்ணோடு வருகிற கணிப்பை அப்படியே பகிராதீர்கள். நாளுக்கு எவ்வளவு, எந்த வழியாக, எந்த விலைக்கு என்று கேளுங்கள். 2022 இல் உலகச் சந்தையில் சரக்கு இருந்தது, விலைதான் கைக்கு எட்டவில்லை. அதனால் இறக்குமதியைக் குறைத்தோம்.

யூரியாவின் மூலப்பொருளே எரிவாயு. சென்னை மணலி உர ஆலையும் இப்போது எண்ணூர் முனையத்தில் கப்பலிலிருந்து இறங்கும் எரிவாயுவில்தான் ஓடுகிறது. அதற்காகப் பயந்து மூட்டை மூட்டையாக வாங்கி வீட்டில் அடுக்காதீர்கள், அடுத்த வயல்காரருக்கு இல்லாமல் போகும். சம்பாவுக்கு முன்னால் தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுங்கள். யூரியாவை ஒரேயடியாகக் கொட்டாமல் பிரித்துப் போடுங்கள்.

பைப் கேஸுக்கு மாறும் ஹோட்டல்காரர்களுக்கும் சிறு ஆலைக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உள்நாட்டு எரிவாயுவில் முன்னுரிமை வீட்டுக் குழாய்க்கும் சிஎன்ஜி வண்டிக்கும்தான், உங்களுக்கு இல்லை. வரத்து குறைந்தால் யாருக்கு முதலில் வெட்டு என்று ஒப்பந்தத்தில் படித்த பிறகே கையெழுத்துப் போடுங்கள். பழைய அடுப்பையும் பர்னரையும் காயலான் கடைக்கு அனுப்பிவிடாதீர்கள்.