மேம்பாலத்தில் மோட்டார் ஏன் சுடுகிறது?

பாலிடெக்னிக் மாணவர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "தாத்தாவின் பழைய 28 அங்குல சைக்கிளில் 24 வோல்ட், 250 வாட் மோட்டார் பொருத்தியிருக்கிறேன். சமதளத்தில் நன்றாக ஓடுகிறது. ரயில்வே மேம்பாலத்தில் ஏறி இறங்கினால் மோட்டாரில் கைவைக்க முடியவில்லை, அவ்வளவு சூடு. கடைக்காரர் பெரிய மோட்டாராகப் போடச் சொல்கிறார். முன்சக்கரத்தில் ஒரு டைனமோ மாட்டினால் பேட்டரி தானாகச் சார்ஜ் ஆகும், மோட்டாருக்கும் பலம் கூடும் என்கிறார் மாமா. யார் சொல்வது சரி, சார்?"

கடைக்காரர் சொல்வதில் பாதி சரி. மாமா சொல்வது சரியில்லை. இரண்டுக்குமான காரணம் ஒரே இடத்தில், ஓடிக்கொண்டிருக்கும் மோட்டாருக்குள்ளேயே, இருக்கிறது.

முதலில் தெரிந்த கணக்கை வேகமாக முடித்துவிடுவோம். இந்த வகை மோட்டாரின் தண்டு, உள்ளே இருக்கும் பற்சக்கரங்களின் வழியாக வெளியே வரும்போது நிமிடத்துக்குச் சுமார் 300 சுற்று சுற்றும். அதில் 9 பற்கள். பின்சக்கரத்து ஃப்ரீவீலில் 18 பற்கள். ஆகவே சக்கரம் நிமிடத்துக்கு 150 சுற்று. 28 அங்குலச் சக்கரம் ஒரு சுற்றில் சுமார் 2.24 மீட்டர் போகும். மணிக்கு 20 கிலோமீட்டர் வந்துவிட்டது. ஆளும் சைக்கிளும் பேட்டரியும் சேர்ந்து 100 கிலோ என்றால், அந்த வேகத்தில் காற்றையும் டயரின் உருளல் தடையையும் வெல்ல ஏறத்தாழ 19 நியூட்டன் விசை போதும். முப்பது அடிக்கு ஓர் அடி உயரும் சாதாரண மேம்பாலச் சரிவில் இதனுடன் இன்னொரு 33 நியூட்டன் சேரும். ஏற்றத்தில் வேகம் குறைந்து காற்றின் தடை கொஞ்சம் இறங்குவதையும் கணக்கில் கொண்டால், தேவைப்படும் விசை சுமார் இரண்டரை மடங்காகிறது. மோட்டார் சிரமப்படும் என்பது யாருக்கும் புரியும். ஆனால் சூடு ஏன் இரண்டரை மடங்கோடு நிற்காமல் அதற்கும் மேலே போகிறது?

பத்தாம் வகுப்பில் ஃபிளெமிங்கின் இடக்கை விதியையும் வலக்கை விதியையும் படித்திருப்பீர்கள். காந்தப்புலத்தில் இருக்கும் கம்பியில் மின்னோட்டம் பாய்ந்தால் கம்பி நகரும். இது இடக்கை, மோட்டார். காந்தப்புலத்தில் கம்பியை நகர்த்தினால் அதில் மின்னழுத்தம் பிறக்கும். இது வலக்கை, டைனமோ. பாடப்புத்தகம் இரண்டையும் இரண்டு தலைப்பில், இரண்டு படம் போட்டுச் சொல்லிவிடுகிறது. தேர்வில் எந்தக் கை எதற்கு என்று குழம்பாமல் எழுதிவிட்டால் மதிப்பெண் கிடைத்துவிடும். யாரும் அழுத்திச் சொல்லாத விஷயம் ஒன்று உண்டு: இரண்டும் ஒரே கம்பியில், ஒரே நேரத்தில் நடக்கின்றன. மோட்டாரின் சுருள் சுற்றத் தொடங்கிய கணத்திலேயே அது காந்தப்புலத்தில் நகரும் கம்பியாகிவிடுகிறது. நகரும் கம்பியில் மின்னழுத்தம் பிறந்தே தீர வேண்டும். அது எந்தத் திசையில் பிறக்கும்? தன்னைப் பிறப்பித்த அசைவை எதிர்க்கும் திசையில் என்கிறது 1834-ல் லென்ஸ் என்ற இயற்பியலாளர் சொன்ன விதி. பேட்டரி உள்ளே தள்ளுகிறது. சுற்றும் சுருள் வெளியே தள்ளுகிறது. இதற்கு எதிர் மின்னியக்கு விசை என்று பெயர்.

கையால் உணர்ந்து பார்க்க விரும்பினால், பிரஷ் வகை மோட்டார் (சுருளுக்குக் கார்பன் துண்டுகள் உரசி மின்சாரம் தரும் வகை) ஒன்றை எதனுடனும் இணைக்காமல் தண்டை விரலால் சுற்றுங்கள். எளிதாகச் சுற்றும். இப்போது அதன் சிவப்பு, கறுப்பு ஒயர்களின் முனைகளை ஒன்றோடொன்று முறுக்கிவிட்டு மறுபடி சுற்றுங்கள். பிசைந்த மாவுக்குள் விரலை விட்டதுபோல தண்டு கனத்துப்போகும். வெளியிலிருந்து மின்சாரம் எதுவும் இல்லை. நீங்கள் சுற்றியதால் பிறந்த மின்னழுத்தம், மூடிய சுற்றில் மின்னோட்டமாகப் பாய்ந்து, உங்கள் விரலையே எதிர்க்கிறது. ஒயர்களைப் பிரித்தால் கனம் மறைந்துவிடும். எத்தனை முறை செய்தாலும் எனக்கு இது அலுத்ததில்லை.

இந்த எதிர்மின்னழுத்தம் சுழலும் வேகத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கிறது. பேட்டரியின் 24 வோல்ட்டிலிருந்து அதைக் கழித்தால் மீதி வருவதுதான் மின்னோட்டத்தை ஓட்டுகிறது. கணக்குக்காகச் சுருள், கார்பன் பிரஷ், ஒயர், பேட்டரியின் உள்மின்தடை எல்லாம் சேர்ந்து 0.4 ஓம் என்று வைத்துக்கொள்வோம். ஆக்சிலரேட்டருக்கு ஏற்ப மோட்டாருக்கு மின்சாரத்தை அளந்து விடும் கன்ட்ரோலர் இல்லாமல் நேரடியாக இணைத்திருப்பதாகவும் கொள்வோம்.

சமதளத்தில் வேகமாக ஓடும்போது மோட்டார் 21.2 வோல்ட்டை எதிர்த்துத் தள்ளுகிறது. மீதி 2.8 வோல்ட். ஓம் விதிப்படி 7 ஆம்பியர். பேட்டரி தருவது 168 வாட். வெப்பமாக வீணாவது 20 வாட். மற்ற 148 வாட்டும் சுழற்சியாகிறது. இப்போது மேம்பாலம். வேகம் குறைகிறது, எதிர்மின்னழுத்தம் 16.8 வோல்ட்டுக்கு இறங்குகிறது. மீதி 7.2 வோல்ட், 18 ஆம்பியர். வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்வதால் 130 வாட். விசை இரண்டரை மடங்கு, சூடு ஆறரை மடங்கு! பின்னால் ஓர் ஆளையும் ஏற்றிக்கொண்டு, வண்டி ஏறமுடியாமல் நின்றே விட்டால் எதிர்மின்னழுத்தம் பூஜ்யம். 60 ஆம்பியர் பாயும். 1,440 வாட்டும் முழுக்க வெப்பம். ஒரு சின்ன இஸ்திரிப்பெட்டியைவிட அதிகம். சுருளின் மேல் பூசிய எனாமல் கருகும் வாசனை வருவது அப்போதுதான்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று இருக்கிறது. மோட்டாரின் பயனுறுதிறன், அதாவது பேட்டரி தருவதில் எத்தனை பங்கு சுழற்சியாகிறது என்பது, உராய்வை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், எதிர்மின்னழுத்தத்தைப் பேட்டரி மின்னழுத்தத்தால் வகுத்தால் வரும் எண்ணேதான். 21.2-ஐ 24-ஆல் வகுத்தால் 88 சதவீதம். மேம்பாலத்தில் 70. மோட்டார் எவ்வளவுக்கு எவ்வளவு பேட்டரியை எதிர்த்து நிற்கிறதோ, அவ்வளவுக்கு நமக்கு வேலை கிடைக்கிறது. எதிர்ப்பே இல்லாத மோட்டார் வெறும் சூடேற்றும் கம்பிச்சுருள். ஒரு எதிர்ப்பை நாம் வரவேற்க வேண்டியிருக்கும் இடம் இது.

1838-ல் ரஷ்யாவில் பீட்டர்ஸ்பர்க்கின் நேவா ஆற்றில் மின்மோட்டாரால் படகு ஓட்டிக் காட்டிய மோரிட்ஸ் ஜேக்கபி இதைக் கவனித்திருந்தார். மோட்டாரிலிருந்து உச்சத் திறன் (வாட்) கிடைப்பது, மின்னோட்டம் நின்றநிலையில் இருந்ததில் பாதியாகக் குறையும்போது என்று கணக்கிட்டுச் சொன்னார். சரியான கணக்கு. நம் எடுத்துக்காட்டில் அது 12 வோல்ட், 30 ஆம்பியர், 360 வாட்; கூடவே 360 வாட் சூடு. பின்வந்த பொறியாளர்கள் பலர் மோட்டாரின் பயனுறுதிறன் ஒருபோதும் 50 சதவீதத்தைத் தாண்டாது என்று இதைப் புரிந்துகொண்டார்கள். உச்சத் திறனும் உச்சப் பயனுறுதிறனும் வேறு வேறு வேகத்தில் கிடைக்கின்றன என்பது தெளியப் பல ஆண்டுகள் ஆயின. மேம்பாலத்தில் முக்கிக்கொண்டு ஏறும் சைக்கிள் இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டிருக்கிறது.

1895-ல் அமெரிக்காவில் ஆக்டன் போல்டன் என்பவர் பின்சக்கர ஹப்பிலேயே மோட்டாரை வைத்து ஒரு மின்சைக்கிளுக்குக் காப்புரிமை பெற்றார். பற்சக்கரம் எதுவும் கிடையாது. 10 வோல்ட் பேட்டரியிலிருந்து 100 ஆம்பியர் வரை எடுக்கும் என்று எழுதியிருந்தார். ஹப்பில் உட்கார்ந்த மோட்டார் சக்கரத்தின் வேகத்திலேயே சுற்றியாக வேண்டும். மெதுவாகச் சுற்றும் மோட்டாரால் பெரிய மின்னழுத்தத்தை எதிர்த்து நிற்பது கடினம், விசையை மின்னோட்டத்தால்தான் ஈடுகட்ட வேண்டும். இன்றைய கியர் மோட்டாரில் உள்ளே வேகமாகச் சுற்றவிட்டு வெளியே மெதுவாக்கித் தருவதன் காரணம் இதுவே.

பெட்ரோல் எஞ்சினின் கதை நேர்மாறு. 1946-ல் சோய்சிரோ ஹோண்டா, போருக்குப் பின் எஞ்சியிருந்த ராணுவ வானொலிக்கான சிறு எஞ்சின்களை வாங்கிச் சைக்கிள்களில் மாட்டி விற்றார். பிரான்சில் வெலோசொலெக்ஸ் என்ற எஞ்சின் வைத்த சைக்கிள் முன்டயரின் மேல் ஓர் உருளையை அழுத்தி ஓட்டியது. 1980-ல் ஒசூரில் இருந்து வந்த டிவிஎஸ் 50-லும் பெடல் இருந்தது. எஞ்சின் நின்ற இடத்திலிருந்து விசை தராது, யாராவது அதைச் சுற்றிவிட வேண்டும். மின்மோட்டாரோ நின்ற இடத்தில்தான் உச்சபட்ச விசையைத் தரும். அது வரமும்தான், மோட்டார் எரிந்துபோவதற்குக் காரணமும்தான்.

இனி மாமாவின் டைனமோ. சக்கரத்தில் டைனமோவை மாட்டினால் மின்சாரம் வரும், அதில் சந்தேகமில்லை. ஆனால் ஒயர்களை முறுக்கியபோது விரலில் உணர்ந்தீர்களே, அந்தக் கனம் சக்கரத்தில் ஏறும். அதை இழுக்க மோட்டார் கூடுதல் மின்னோட்டம் எடுக்க வேண்டும். மோட்டாரில் கொஞ்சம், செயினில் கொஞ்சம், டைனமோவில் கொஞ்சம், பேட்டரியில் கொஞ்சம் என்று வழிநெடுக வெப்பமாகப் போய், எடுத்ததைவிடக் குறைவாகவே பேட்டரிக்குத் திரும்பும். ஆற்றல் அழிவின்மை விதிக்கு இதுவரை ஒரு விலக்கும் கிடைத்ததில்லை. இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போது மட்டும் கொஞ்சம் மீட்கலாம். அதற்கும் மோட்டார் சக்கரத்தோடு நேரடியாகச் சுற்ற வேண்டும். ஃப்ரீவீல் வைத்த உங்கள் சைக்கிளில், இறக்கத்தில் சக்கரம் தனியாக ஓடும், மோட்டார் சும்மா இருக்கும்.

இதை நான் கொஞ்சம் கோபத்தோடுதான் எழுதுகிறேன். 'தானே சார்ஜ் ஆகும் சைக்கிள்' பள்ளி அறிவியல் கண்காட்சிகளில் பரிசு வாங்குவதைப் பார்த்திருக்கிறேன். பிள்ளைகளின் மேல் குறையில்லை. வெல்டிங் செய்து, ஒயர் இழுத்து, ஓடவைத்திருக்கிறார்கள். பேட்டரியிலிருந்து போவது எத்தனை ஆம்பியர், திரும்பி வருவது எத்தனை என்று நடுவர்களில் ஒருவராவது கேட்டிருக்க வேண்டும். நிற்காமல் ஓடும் எந்திரம் என்ற நம்பிக்கை மூடநம்பிக்கைதான். அது அறிவியல் உடையில் வருவதால் இன்னும் கூடுதல் கவனம் வேண்டும். ஆய்வகங்களுக்கு லட்சக்கணக்கில் நிதி ஒதுக்கி முப்பரிமாண அச்சுப்பொறி வாங்கித் தருகிறோம், நல்லதுதான். அதற்கு முன்பாக ஒவ்வொரு மேசையிலும் ஓர் அம்மீட்டரும் ஒரு வெப்பமானியும் இருக்க வேண்டும் என்பது என் கட்சி. அளக்கக் கற்றுக்கொண்ட பிள்ளையை யாரும் எளிதில் ஏமாற்ற முடியாது.

நீங்களும் ஓர் அம்மீட்டர் வாங்குங்கள், முள் வைத்த பழைய வகை கிடைத்தால் நல்லது. மோட்டார் ஒயரில் தொடராக இணைத்து, சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்தி ஆக்சிலரேட்டரைத் திருகுங்கள். முள் ஒரு கணம் மேலே பாயும். சக்கரம் வேகம் பிடிக்கப் பிடிக்க, நீங்கள் எதையும் குறைக்காமலேயே, கீழே இறங்கி ஓரிரு ஆம்பியரில் நிற்கும். எதிர்மின்னழுத்தம் வளர்வதைக் கண்ணால் பார்க்கிறீர்கள். பின்பிரேக்கை லேசாக அழுத்துங்கள், முள் மறுபடி ஏறும். (பிரேக் கைப்பிடியில் மோட்டாரை நிறுத்தும் சுவிட்ச் இருந்தால் இந்தச் சோதனைக்கு மட்டும் அதைக் கழற்றிவிட்டு, முடிந்ததும் மறக்காமல் மாட்டிவிடுங்கள்.)

மேம்பாலத்தில் ஆக்சிலரேட்டரைப் பாதி திருகி மெதுவாக ஏறினால் சூடு குறையும் என்று பலர் நம்புகிறார்கள். குறையாது. சரிவு கேட்கும் விசை அப்படியேதான் இருக்கும், விசைக்கேற்ற மின்னோட்டம் சுருளில் பாய்ந்தே ஆக வேண்டும். கன்ட்ரோலர் நொடிக்குப் பல ஆயிரம் முறை இணைத்தும் துண்டித்தும் பேட்டரியிலிருந்து குறைவாக எடுத்து, மோட்டாருக்கு அதே மின்னோட்டத்தைத் தந்துவிடும். ஏறும் நேரம் மட்டும் நீளும், மொத்தச் சூடு கூடும்.

குறைக்க வேண்டியது, சுருளின்மேல் விழும் சுமையை. கடைக்காரர் சொன்ன பெரிய மோட்டார் அதைச் செய்யும். பெரிய பேட்டரியும் கூடவே கேட்கும். இந்தியாவில் 250 வாட்டுக்கும் மணிக்கு 25 கிலோமீட்டருக்கும் உட்பட்டால்தான் மோட்டார் வாகன விதிகளிலிருந்து விலக்கு என்பதையும் நினைவில் வையுங்கள். அதைவிட எளிய வழி பற்களை மாற்றுவது. 18 பற்களுக்குப் பதில் 28 என்றால் மேம்பாலத்தில் மின்னோட்டம் 18-லிருந்து சுமார் 12 ஆம்பியர் ஆகும். சூடு 130 வாட்டிலிருந்து 58-க்கு இறங்கும். ஏறும் வேகம் 16-லிருந்து 12 கிலோமீட்டராகும், அவ்வளவுதான். ஆனால் சமதளத்திலும் 13, 14 கிலோமீட்டரைத் தாண்டாது, அது உங்கள் வயதில் பொறுக்காது. அதனால் 22 பற்கள் என்பது என் யோசனை. சமதளத்தில் 16, 17 கிலோமீட்டர் கிடைக்கும். மேம்பாலச் சூடு மூன்றில் ஒரு பங்கு குறையும். ஏற்றத்தில் நீங்களும் பெடலை மிதியுங்கள். இளைஞர் ஒருவர் மூச்சு வாங்காமல் 75 வாட் தரமுடியும், மோட்டாருக்கு அது பெரிய உதவி.

நான்கு பற்கள் கூடுவதால் செயினில் இரண்டு கண்ணி சேர்க்க வேண்டும். மோட்டாரைத் தாங்கும் தகட்டின் துளைகளை நீள்வட்டமாக ராவிக்கொண்டால் செயின் இழுவையைச் சரிசெய்ய இடம் கிடைக்கும். நடுவில் விரலால் அழுத்தினால் ஒரு சென்டிமீட்டர் இறங்கும் அளவுக்குத் தொய்வு விட்டு போல்ட்டை முடுக்குங்கள். இரண்டு பற்சக்கரங்களும் ஒரே கோட்டில் நிற்கின்றனவா என்பதைப் பின்னாலிருந்து ஒரு நீண்ட ஸ்கேலை வைத்துப் பார்த்துவிட்டு முடுக்குங்கள்.