பல்லுறை: கிரவுன், கேப், கிரீடம், மூடி

வேர்ச்சிகிச்சையை (ரூட் கெனால்) முடித்துவிட்டுப் பல் மருத்துவர் "இனி ஒரு கிரவுன் போட்டுவிடலாம்" என்கிறார். அதையே நாம் வீட்டில் வந்து சொல்லும்போது "கேப் போடணுமாம்" என்று ஆகிவிடுகிறது. பெரியவர்கள் "பல்லுக்கு மூடி" என்பார்கள். தமிழில் தேடிப் பார்த்தால் "பல் கிரீடம்", "பல் மகுடம்" என்று வருகிறது. இவை எல்லாமே ஒரே பொருளைத்தான் குறிக்கின்றன. கேப் என்றால் சாதாரணமானது, கிரவுன் என்றால் உயர்ந்தது என்று நினைத்துக்கொண்டு "எனக்கு எது நல்லது டாக்டர்?" என்று கேட்பவர்கள் உண்டு. அப்படி ஒரு வேறுபாடே கிடையாது. ஒன்று மருத்துவர் வழக்கு, மற்றொன்று மக்கள் வழக்கு, அவ்வளவுதான்.

குழப்பம் வேறோர் இடத்தில் இருக்கிறது. ஆங்கிலத்தில் கிரவுன் என்ற ஒரே சொல் இரண்டு வேலை பார்க்கிறது. ஈறுக்கு மேலே நம் கண்ணுக்குத் தெரிகிற, எனாமல் போர்த்திய இயற்கையான பகுதிக்கும் அதுதான் பெயர். அந்தப் பகுதி சிதைந்த பிறகு அதன் மேல் பொருத்தும் செயற்கை உறைக்கும் அதுதான் பெயர். உடற்கூற்றியலில் ஒரு பல்லுக்கு முடி, கழுத்து, வேர் என்று மூன்று பகுதிகள். அரசன் பாதி, மரம் பாதி. "கிரவுன் உடைந்துவிட்டது" என்று ஒருவர் சொன்னால் உடைந்தது அவருடைய சொந்தப் பல்லா, மேலே போட்டதா என்று இன்னொரு கேள்வி கேட்காமல் தெரியாது.

சொல்லின் வேரைப் பார்ப்போம். ஆங்கிலக் கிரவுன் பழைய பிரெஞ்சு வழியாக இலத்தீன் 'கொரோனா'விலிருந்து வந்தது. அதற்கும் பின்னால் இருப்பது வளைந்த பொருளைக் குறிக்கும் 'கொரோனே' என்ற கிரேக்கச் சொல். இலத்தீனில் கொரோனா என்றால் முதலில் தலையில் சூடும் இலை, மலர் வளையம். பொன்னும் மணியும் பின்னால்தான் வந்து ஒட்டிக்கொண்டன. சூரியனைச் சுற்றித் தெரியும் ஒளிவட்டத்துக்கும், நமக்கெல்லாம் நன்றாகப் பழகிப்போன அந்த வைரஸுக்கும் பெயர் தந்தது இதே சொல்தான். இதயத்தை வளையமாகச் சுற்றி ஓடுவதால்தான் இதயத் தமனிகளுக்கு 'கரோனரி' என்று பெயர். ஆக, அடிப்படைப் பொருள் அரசுரிமை அல்ல, சுற்றி வளைத்திருப்பது. தமிழிலும் பூவைச் சூடுகிறோம், முடியையும் சூடுகிறோம். இரண்டுக்கும் ஒரே வினை.

சரி, கிரவுனுக்கு நேர் தமிழ் 'முடி'தானே, "பல்முடி" என்று வைத்துக்கொண்டால் என்ன? முடி நல்ல பழைய சொல். 'முடியுடை வேந்தர்' என்பதில் இருக்கும் முடி அது. ஆனால் இன்றைய காதுக்கு முடி என்றால் முதலில் தலைமயிர்தான். "பல்லுக்கு முடி வைத்திருக்கிறேன்" என்று சொல்லிப் பாருங்கள், கேட்பவர் முகம் போகிற போக்கைப் பார்க்கலாம். புணர்ச்சி விதிப்படி எழுதினால் இன்னொரு சிக்கல்: பல் + முடி = பன்முடி. 'பன்முகம்', 'பன்மடங்கு' என்று படித்துப் பழகிய கண்ணுக்கு அது பல முடிகள் என்றுதான் தெரியும். இயற்கையான பகுதியைச் சொல்ல வேண்டிய இடத்தில் 'பல்லின் முடிப்பகுதி' என்று விரித்துச் சொல்வது நல்லது. சிகிச்சைக்கு இந்தச் சொல் ஒத்துவராது.

கிரீடம், மகுடம் இரண்டும் ஆங்கிலச் சொல்லை அகராதியில் தேடி அப்படியே எடுத்து வைத்தவை. ஆங்கிலக்காரருக்குக் கிரவுன் என்பது தலையின் உச்சியையும் குறிக்கும், மரத்தின் தழைப்பையும் குறிக்கும். அதனால் பல்லில் வரும்போது அது அவருக்கு உறுத்துவதில்லை. தமிழ்க் கிரீடத்துக்கு அந்தப் பரப்பு இல்லை. அது நேராகப் பட்டாபிஷேகத்துக்குப் போய் நிற்கிறது. மூடி என்றால் திறந்து மூடுவது. இதைத் திறக்கக் கூடாது. கவசம் பொருந்தும்தான், ஆனால் விளையாட்டு வீரர்கள் வாயில் போடுவதற்கும், தூக்கத்தில் பல் நறநறப்பவர்கள் மாட்டுவதற்கும் அந்தச் சொல் தேவைப்படும். அதை அங்கே விட்டுவிடலாம். தொப்பி உச்சியில் மட்டும் உட்காருவது. இதுவோ நாலாபக்கமும் இறங்கி ஈறு வரை போகிறது. கடிக்கும் மேற்பரப்பையும் மேடுகளையும் மட்டும் மூடும் 'ஆன்லே' என்ற ஒன்று இருக்கிறது. தொப்பி என்ற பெயர் யாருக்காவது சேர வேண்டுமென்றால் அதற்குத்தான் சேர வேண்டும்.

மிச்சம் இருப்பது உறை. வாளுக்கு உறை, தலையணைக்கு உறை, கைக்கு உறை என்று எதைப் போர்த்தினாலும் அதன் வடிவத்துக்கே அளவெடுத்துச் செய்வதுதான் உறை. ஒரு உறையில் இரண்டு கத்தி இருக்க முடியாது என்பார்கள். ஒரு பல்லின் உறை இன்னொரு பல்லுக்கு ஆகவே ஆகாது. எனக்கு இந்தச் சொல் பிடித்ததற்கு இன்னொரு காரணம் உறைகிணறு. மண் சரியாமல் தாங்குவதற்காக அடுக்கும் சுடுமண் வளையத்துக்கும் உறை என்றுதான் பெயர். கிணற்றில் அது உள்ளிருந்து தாங்குகிறது, பல்லில் வெளியிலிருந்து தாங்குகிறது. அதாவது போர்த்துவதும் தாங்கிப் பிடிப்பதும் இந்த ஒரு சொல்லுக்குள்ளேயே இருக்கின்றன. பல்லுறை செய்யும் வேலையும் அந்த இரண்டுதான்.

தாங்குவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கேப் என்றாலே அழகுக்கு என்ற எண்ணம் பலரிடம் இருக்கிறது. கடைவாய்ப்பல்லின் மேற்பரப்பில் மேடுகள் இருக்கும். நாம் கடிக்கும் ஒவ்வொரு முறையும் உணவு இவற்றுக்கு நடுவே ஆப்பு போல இறங்கி, மேடுகளை வெளிப்பக்கம் தள்ளப் பார்க்கும். முழுப் பல் இதைத் தாங்கிக்கொள்ளும். சொத்தை நடுவைத் தின்றுவிட்டால், அல்லது வேர்ச்சிகிச்சைக்காக நடுவில் துளையிட்டால், சுவர்கள் மட்டும் தனித்தனியாக நிற்கும். உள்ளே அடைத்தால் குழி நிரம்பும், ஆனால் சுவர்கள் விலகுவதை அந்த அடைப்பு பெரிதாகத் தடுக்காது. ஒரு நாள் சாதாரணமாக எதையோ கடிக்கும்போது பல் நெடுக்காகப் பிளந்துவிடும். பிளவு வேர் வரை போய்விட்டால் பெரும்பாலும் பிடுங்குவதைத் தவிர வழியில்லை.

உலக்கையின் முனையில் இரும்புப் பூண் போடுவது எதற்காக? மரம் பிளக்காமல் இருக்க. பல்லுறை அந்தப் பூணேதான். பல் மருத்துவர்களின் பாடத்திலும் இதே உவமை வருகிறது. உறையின் விளிம்பு, ஈறுக்கு மேலே எஞ்சியிருக்கும் சொந்தப் பல்லைச் சுற்றிலும் ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் உயரத்துக்காவது இறுகக் கட்ட வேண்டும் என்பார்கள். அந்தப் பிடிப்புக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'ஃபெரூல்'. கைத்தடி நுனியிலும் கருவிகளின் கைப்பிடியிலும் போடும் உலோக வளையத்துக்கான ஆங்கிலச் சொல் அது. அதற்குத் தமிழ் தேடவே வேண்டாம், பூண் என்று ஏற்கெனவே இருக்கிறது. பூணுக்குக் கூட இடமில்லாத அளவுக்குப் பல் உடைந்திருந்தால், "கேப் போட்டாலும் நிற்காது" என்று மருத்துவர் சொல்வதன் காரணம் இதுதான்.

இங்கே ஒரு பழைய நம்பிக்கையையும் சொல்லிவிடுகிறேன். வேர்ச்சிகிச்சை செய்தால் பல் உயிரிழந்து, ஈரம் வற்றி, காய்ந்த சுள்ளி போல நொறுங்கும். அதனால்தான் உறை போடுகிறார்கள் என்பார்கள். ஈரம் வற்றுவதால் வரும் மாற்றம் மிகச் சிறியது. பல் பலவீனமாவது முக்கியமாகச் சொத்தையும் துளையுமாக அதன் உடம்பே குறைந்துபோனதால்தான். எனவே வேர்ச்சிகிச்சை செய்த எல்லாப் பல்லுக்கும் உறை கட்டாயமில்லை. அதிகம் சேதமாகாத முன்பல் வெறும் அடைப்போடு பல ஆண்டுகள் ஓடிவிடும். அரைக்கும் கடைவாய்ப்பல்லுக்குத்தான் உறையைப் பெரும்பாலும் வற்புறுத்துவார்கள்.

வேறு தேவைகளும் இருக்கின்றன. விரிசல் விட்ட பல், தேய்ந்து குட்டையான பல், வெளுக்க முடியாதபடி நிறம் மாறிய பல் ஆகியவற்றுக்கு உறை போடுவார்கள். இழந்த பல்லின் இடத்தில் பாலம் கட்டும்போது இருபுறப் பற்களுக்கும் உறை மாட்டி அவற்றைத் தூணாக்குவார்கள். தாடை எலும்பில் திருகும் செயற்கை வேரான இம்பிளான்டின் மேலே உட்காருவதும் ஓர் உறைதான். குழந்தைகளின் பால் கடைவாய்ப்பற்களுக்கு ஆயத்தமாகக் கிடைக்கும் எஃகு உறைகள் 1950 முதல் பயனில் உள்ளன. ஸ்காட்லாந்தின் பல் மருத்துவர் நோர்னா ஹால், பால்பல்லைக் குடையாமல், மரத்துப்போகும் ஊசியும் போடாமல், சொத்தையின் மேலேயே எஃகு உறையை அழுத்தி ஒட்டிவிடும் முறையைக் கையாண்டார். கேட்க முரணாக இருக்கும். ஆனால் உள்ளே அடைபட்ட கிருமிகளுக்கு உணவு போகாததால் சொத்தை அப்படியே நின்றுபோகிறது. இன்று அது ஹால் முறை என்று அவர் பெயராலேயே வழங்குகிறது.

உறையின் பொருள் காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது. டெட்ராய்ட்டைச் சேர்ந்த சார்ல்ஸ் லாண்ட் 1903இல் முழுப் பீங்கான் உறையை அறிமுகப்படுத்தினார். (விமானி லிண்ட்பெர்கின் தாத்தா இவர்.) அதை 'ஜாக்கெட் கிரவுன்' என்றார்கள். மகுடத்துக்கே சட்டை மாட்டிவிட்டார்கள் பாருங்கள். ஆங்கிலமும் சுற்றிச் சுற்றி உறை என்ற எண்ணத்துக்குத்தான் வந்திருக்கிறது. பார்க்க அழகாக இருந்தாலும் அந்தப் பீங்கான் எளிதில் விரிசல் விட்டது. 1907இல் வில்லியம் டாகர்ட், மெழுகில் வடிவம் செய்து, மேலே காரை பூசி, மெழுகை உருக்கிவிட்டு அந்த இடத்தில் தங்கத்தை வார்க்கும் முறையைப் பல் மருத்துவத்துக்குக் கொண்டுவந்தார். வெண்கலச் சிலை வார்க்கிறவர்களுக்கு இது புதிதே அல்ல. உள்ளே உலோகம், வெளியே பீங்கான் என்ற கலப்பு உறை 1960களில் பரவியது. 1985இல் சூரிச்சில், பல்லில் பொருத்தும் பீங்கான் துண்டைக் கணினி கொண்டு கடைந்து அன்றைக்கே ஒட்டும் முறையும் தொடங்கிவிட்டது. இப்போது அதிகம் காதில் விழுவது சிர்கோனியா என்ற பீங்கான் வகை. வெண்மையானது, எளிதில் உடையாதது. இதன் பெயரைப் 'பொன்னிறம்' என்ற பொருள் தரும் பாரசீகச் சொல்லோடு தொடர்புபடுத்துவார்கள். தங்கப் பல்லை ஓரங்கட்டிய வெள்ளைப் பல்லின் பெயருக்குள்ளே பொன் ஒளிந்திருப்பது வேடிக்கைதான்.

உறை போட்டால் பல்லுக்கு இனி ஒன்றும் வராது என்று மட்டும் நினைத்துவிடக் கூடாது. உறைக்கு இடம் உண்டாக்கப் பல்லைச் சுற்றிலும் செதுக்க வேண்டும். பொருளைப் பொறுத்து ஒன்று முதல் இரண்டு மில்லிமீட்டர் வரை போகலாம். எனாமல் திரும்ப வளராது, அதனால் இது ஒருவழிப் பாதை. சிறு குழிக்கு அடைப்பே போதும் என்னும்போது உறை கேட்பது வீண். உறைக்குச் சொத்தை வராது, ஆனால் உறையும் பல்லும் சந்திக்கும் விளிம்பில் வரும். ஈறோரம் துலக்காமல் விட்டால் வெளியே பளபளப்பும் உள்ளே சொத்தையுமாகக் கிடக்கும். நரம்பு எடுக்காத பல்லுக்கு உறை போட்டவர்களில் சிலருக்குப் பின்னாளில் வேர்ச்சிகிச்சை தேவைப்படுவதும் உண்டு. நன்றாகப் பொருத்திப் பார்த்துக்கொண்டால் பத்தாண்டுகளைத் தாண்டி உழைக்கிற உறைகள்தான் அதிகம்.

இனி எழுத்து. பல் + உறை = பல்லுறை. தனிக்குறிலை அடுத்த மெய், உயிர் வரும்போது இரட்டிக்கும் என்ற விதிப்படி வந்தது. 'பற்றுறை' என்றெல்லாம் எழுத வேண்டாம். பல் என்பது பற் ஆவது பற்சொத்தை, பற்கள் போல வல்லினம் வரும்போதுதான். 'பல்லுயிர்' என்பதில் உள்ளது போல் இங்கேயும் 'பல' என்று யாராவது படிக்கக் கூடுமே என்றால், ஆமாம், படிக்கலாம். ஆனால் பல் மருத்துவம் பற்றிய பேச்சில் அந்த மயக்கம் வராது. ஐயமான இடத்தில் 'பல் உறை' என்று பிரித்து எழுதுங்கள். வினையாகச் சொல்ல 'உறை பொருத்துதல்' நன்றாக இருக்கிறது. 'உறை போட்டுக்கொண்டேன்' என்பதும் இயல்புதான். 'உறை ஊற்றுதல்' மட்டும் தயிருக்கு உரியது.

வினையில் இன்னொன்றையும் பிரித்துச் சொல்லிப் பழகலாம். உறை 'கழன்றுவிட்டது' என்பது வேறு, 'உடைந்துவிட்டது' என்பது வேறு. கழன்றது என்றால் ஒட்டுப்பசை விட்டுப்போயிருக்கும். உள்ளே பல் நன்றாக இருந்தால் அதே உறையைச் சுத்தம் செய்து மறுபடி ஒட்டிவிடலாம். அதனால் அதைத் தூக்கிப் போடாமல் ஒரு சின்ன டப்பாவில் பத்திரப்படுத்தி, சீக்கிரமே மருத்துவரிடம் கொண்டுபோங்கள். வீட்டில் கிடக்கும் பசையால் நாமே ஒட்டிக்கொள்வது மட்டும் கூடாது. உடைந்தது என்றால் உடைந்தது உறையா, உள்ளிருக்கும் பல்லா என்றும் சேர்த்தே தொலைபேசியில் சொல்லிவிடுங்கள். கிரவுன் என்று சொல்லியிருந்தால் இந்த இடத்தில்தான் சிக்கியிருப்போம்.